கூஸ்கூஸ் காயப்போட்ட அன்று

அன்பு மகள் ஹயாத்துக்கு, லியோனில் நீயும் மருமகனும் குட்டி இல்யாஸும் அல்லாஹ் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சித்தப்பா மப்ரூக் எழுதுவது. நான் நலம், எழுபது வயதிலும் ஒரே மூச்சில் பேரீச்சை மரம் ஏறி இறங்குகிறேன், ஏறும்போது பாட்டு வேறு. நீ அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் போலீஸ்காரனே வழிவிடுகிறான். உன் சித்தி துர்கியாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இல்யாஸுக்கு இழுப்பு அடிக்கடி வருகிறது, ஆகஸ்டில் கூட்டி வரலாமா, அங்கே காற்று எப்படி என்று மறுபடியும் கேட்டிருந்தாய். உனக்குத் தெரியாததா, நம்மூர் உரத் தொழிற்சாலையின் அமிலப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்த மூக்கு இது. புகை குழாயை விட்டுக் கிளம்புமுன்பே சொல்லிவிடும், இஞ்சினியரே இதைப் பெட்டியில் வைத்து பாரிஸுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அதனால்தான் கோதுமை ரவையை வருஷத்துக்கு வேண்டிய கூஸ்கூஸாக உருட்டி மாடியில் காயப்போடும் நாளில் தெருப் பெண்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். போன செவ்வாயும் வந்து, சித்தப்பா இன்னிக்குப் புகை வராதே, விரிக்கலாமா என்றார்கள். நான் மாடியேறி மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடல் காத்துதான், ரோஜாப்பூ மாதிரி இருக்கு, தாராளமா விரிங்க என்றேன். நாற்பது வீட்டு மாடியில் வெள்ளைத் துணி விரித்தார்கள். சரி, ஒன்பது மாடி. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மாடி மஹ்பூபா, என்ன சித்தப்பா, தீக்குச்சி கொளுத்தின மாதிரி காந்துதே என்றாள். உன் அடுப்புல புருஷன் சோறு கருகுது, போய்ப் பாருடி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மாடியிலேயே இருந்தார்கள், துர்கியாவும் இருந்தாள், மப்ரூக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூஸ்கூஸைக் கையால் துழாவிக்கொண்டு. அப்புறம்தான் தொழிற்சாலைப் புகை மஞ்சளாகத் தாழ வந்தது. ஒன்பது மாடியிலும் இருமல். துர்கியா கூஸ்கூஸ் மேலேயே முழங்காலிட்டுக் குப்புற விழுந்தாள். நான்தான் ஒற்றை ஆளாகத் தூக்கி இறங்கினேன், இல்லை, மஹ்பூபாவும் கால் பக்கம் பிடித்தாள்.

நாலு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், நாலு சொல் பேசினால் அஞ்சாவது சொல்லுக்கு மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே பஞ்சைப் பிடித்து, இது என்ன என்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பன்னீர் என்றேன். கண்ணைத் திறந்தால் அவள் கையில் வினிகர் புட்டி. எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டாள், போன வாரச் சளி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் மகளே, எட்டு வருஷமாகிறது. கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது, யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்லிவந்தேன். துர்கியா காப்பி கொண்டு வரும்போதெல்லாம் ஆகா என்ன மணம் என்பேன், அவளுக்குச் சந்தோஷம்.

போன இரண்டு கடிதத்திலும் காற்று ரோஜாப்பூ மாதிரி, பேரனைக் கூட்டி வா என்று எழுதினேனே, அது முகர்ந்து எழுதியதல்ல. அவனைக் கூட்டி வராதே. டிக்கெட் எடுத்திருந்தாலும் வராதே. சித்தி கேட்டால் உனக்கு லீவு இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன், பொய் எனக்குக் கைவந்ததுதானே.

பிள்ளையின் நெஞ்சை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும், உங்கள் வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய கூஸ்கூஸ் மிச்சமிருந்தால் இல்யாஸுக்குக் கொடுக்காமல் கொட்டிவிடு. அதைக் காயப்போடவும் நாள் சொன்னது நான்தான்.

உன்னை வளர்த்த சித்தப்பா,
மப்ரூக்