கார்டு இருக்கிறது என்று சொல்லும் கம்பி

இன்று காலை உனக்குப் போன மின்னஞ்சல் மறுபடியும் திரும்பி வந்தது. ‘இந்த முகவரியில் யாரும் இல்லை’ என்ற அதே மொட்டை வாசகம். உன் கணக்கை நம் அலுவலகம் மூடி மாதக்கணக்காகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவையும் அந்த வரியைப் பார்க்கும்போது முகத்துக்கு நேரே யாரோ கதவைச் சாத்தியது போலத்தான் இருக்கிறது.

சிதம்பரத்தில் படிக்கும்போதே உனக்குப் பொறுமை கிடையாது. ஆய்வகத்தில் நாங்களெல்லாம் சர்க்யூட் படத்தை விரித்துவைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். நீ மீட்டரை எடுத்து நேராகப் போர்டில் வைப்பாய். “படத்தப் பாக்காதடீ, போர்டப் பாரு” என்பாய். எனக்கு மாப்பிள்ளை போட்டோ வந்தபோதும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய். “போட்டோவ வெச்சிக்கினு என்னாடீ பண்ற? ஆள வரச் சொல்லு, பாக்கலாம்.” வந்த ஆளைப் பார்த்துவிட்டு, மறுநாள் புவனகிரி பஸ்ஸில் நாம் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பி முறைத்தார்.

பிறகு கடலூரில், மஞ்சக்குப்பம் மாடியில், இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து அனுப்பும் பெட்டிகளை வெள்ளாறு, கெடிலம் என்று பாலம் பாலமாக மாட்டினோம். புயலில் டவர் சாய்ந்துவிட்டால் பெட்டியால் எதையும் அனுப்ப முடியாது. அப்போது உள்ளே இருக்கும் மெமரி கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும். எப்போது, எவ்வளவு வெள்ளம் வந்தது என்று பின்னால் சொல்ல அந்தக் கார்டை விட்டால் வேறு நாதியில்லை. கார்டோடு பேசும் சில்லை இயக்க டிரைவர் என்ற நிரலை எழுதியவள் நீ. உலகமே பொதுவில் எடுத்துப் பயன்படுத்தும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில், சண்டை போட்டு அதைச் சேர்க்கவைத்தவளும் நீதான். “எவன் வேணா எடுத்துப் பாக்கட்டும்டீ” என்று அன்று ஆபீஸுக்கே பால்கோவா வாங்கி வந்தாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுகிறேன்.

நீ போன பிறகு கெர்னல் பொறுப்பாளர் ஒருவரிடமிருந்து அறிவிப்பு வந்தது. போர்டில் எந்தச் சில்லு எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதற்கு என்பதையெல்லாம் டிரைவருக்குள்ளேயே எழுதிவைக்கும் பழைய வழக்கம் இனி கூடாது. அதை டிவைஸ் ட்ரீ என்ற தனி விவரக் கோப்பில் எழுத வேண்டும், டிரைவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாறாத டிரைவர்கள் நீக்கப்படும். நீக்கவேண்டியவற்றில் உன்னுடையதும் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. எழுதியவரிடமிருந்தும் பதில் இல்லை.’

பதில் இல்லையாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் நடந்திருப்பது வேறு. பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் எழுதினேன்: ‘எழுதியவர் இறந்துவிட்டார். எங்கள் ஊர் ஆறுகளில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றித் தருவது என் பொறுப்பு.’

நம் மேனேஜர் வேறு மாதிரி சொன்னார். “விடும்மா, பழச தூக்கிப் போட்டுட்டு புதுப் பெட்டி வாங்கிக்கலாம்.” புதுப் பெட்டி வந்தால் பெரிய பாலங்களுக்கு மட்டும்தான் வரும், உள்ளே இருக்கும் சின்ன மதகுகளுக்கு வராது என்று அவருக்கும் தெரியும். வெள்ளம் முதலில் ஏறுவது அங்கேதான். “புதுசு வேணாம் சார், இதையே ஓட வெக்கிறேன்” என்றேன். உன்னோடு இருந்து இருந்து வந்த திமிர் இது.

நீ வரைந்துவைத்த போர்டின் சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விவரக் கோப்பை எழுதினேன். சில்லின் முகவரி, கடிகாரம், கார்டு செருகியிருப்பதைச் சொல்லும் கம்பி எல்லாம் வந்தன. டிரைவரில் அந்தக் கம்பி சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும் ஒற்றை வரி ஒன்று இருந்தது. படத்தின்படி அதற்கு அவசியமே இல்லை. ஏதோ சோதனைக்குப் போட்டு மறந்திருப்பாய் என்று நினைத்துத் தூக்கிவிட்டேன். உண்மையான போர்டில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று பொறுப்பாளர் கேட்டார். பெட்டிகளை மாட்டும் ஏழுமலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு புவனகிரிப் பாலத்துக்குப் போனேன்.

புது மென்பொருளை ஏற்றினால், கார்டு இல்லை என்றது பெட்டி. கார்டு உள்ளேதான் இருந்தது. வெளியே எடுத்தால், இருக்கிறது என்றது.

“என்னாம்மா வேடிக்க இது?” என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடிக்கணினித் திரையில் விரித்திருந்த உன் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ ஆய்வகத்தில் கத்துவது காதில் கேட்டது. படத்தை மூடிவிட்டு மீட்டரை எடுத்தேன். கார்டைச் செருகினால் சேர வேண்டிய இணைப்பு, கார்டு உட்காரும் இந்தச் சாக்கெட்டில் செருகியதும் பிரிந்தது. வழக்கமான சாக்கெட் கிடைக்காத ஒரு மாதம் நீ எங்கோ அலைந்து வேறு ரகம் வாங்கி வந்தது நினைவுக்கு வந்தது. போர்டை மாற்றினாய், டிரைவரில் ஒரு வரி சேர்த்தாய், படத்தை மட்டும் தொடவேயில்லை. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே அழுதேன். அண்ணன் கார்டைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் வரியை டிரைவரில் திரும்பச் சேர்க்கவில்லை. ஒரு போர்டின் குணம் எல்லாருக்குமான டிரைவரில் இருக்கக்கூடாது. அதனால் இந்தச் சாக்கெட் தலைகீழ் என்று விவரக் கோப்பில், உள்ளது உள்ளபடி எழுதினேன். பெட்டி ஒழுங்காகப் பேசியது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். பொறுப்பாளர் பட்டியலில் உன் முகவரி இருந்த இடத்தில் இப்போது என் முகவரி இருக்கிறது. டிரைவரின் தலைப்பில், எழுதியவர் என்று இருக்கும் உன் பெயரில் யாரையும் கைவைக்க விடவில்லை.

நேற்று முகம் தெரியாத ஒருவர், எந்த நாடோ, நம் இருவருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். பழைய பதிப்பிலிருந்து உன் முகவரியை எடுத்திருக்கிறார். அதே சில்லு. கார்டு உள்ளே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது, படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். இன்று காலை காபி குடிக்கும் முன்பே உட்கார்ந்து பதில் எழுதினேன்: ‘படத்தைப் பார்க்காதீர்கள். போர்டைப் பாருங்கள்.’

உன்னிடமிருந்து திரும்பி வந்தது அந்தப் பதிலின் பிரதிதான். அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.