நேர்ச்சைக் கப்பலுக்கு ஓர் அரம்

காஞ்சிரங்குளம்

அன்புள்ள ஆன்டோ அண்ணனுக்கு, தங்கை ரெஷ்மா எழுதுவது. மாதாவின் தயவில் அம்மாவும் நானும் இருக்கிறோம். நீயும் உன்னோடு கப்பலில் இருப்பவர்களும் உடம்பு சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் செபிக்கிறோம்.

நீ போனில் கிடைப்பதே கொஞ்ச நேரம். அம்மா அழுது முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. என் கையில் தந்தாலும் எனக்கு வாய் வராது. சஜன் அண்ணன் உன் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கே வேலைக்கு வருவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலாளி கப்பலைக் கைவிட்டுப் போனாலும், கேஸ் முடியாமல் உங்களைக் கரையில் இறங்க விடமாட்டார்களாம். கப்பலுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வருகிறதா என்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அம்மா உனக்காகக் கோயிலுக்கு ஒரு மரக்கப்பல் நேர்ந்திருக்கிறாள். கடையில் வாங்கியது ஆகாது, வீட்டு ஆள் கைபட்டுத்தான் செய்யவேண்டும் என்று பிடிவாதம். நீ வந்து திருநாளன்று அதைத் தலையில் சுமந்துகொண்டு போவாய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அப்பா இல்லாத வீட்டில் அந்த வேலை எனக்கு வந்தது. தையல்கடையிலிருந்து வந்து சாயங்காலம் அயனிமரத் துண்டோடு உட்காருகிறேன். தோள் கழன்றுபோகிறது.

முதலில் இரண்டு முனையையும் கூர்மையாகச் செதுக்கிவிட்டேன். நான் பக்கத்தில் கண்டதெல்லாம் வள்ளம்தானே. ஆசாரி வேலை செய்யும் சகாயதாஸ் மாமா, "எடி மக்கா, இது கப்பலாக்குமா? ரெண்டு பக்கமும் போற கப்பல் எங்க உண்டு?" என்று சிரித்தார். நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். பின்பக்கத்தைத் தட்டையாக அறுத்துத் தந்தார். கப்பல் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

அடிப்பாகத்தின் வளைவுக்கு எதை எடுப்பது என்று அவர் பட்டறையில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். இழைப்புளி நேரான இடத்துக்குத்தான் சரி, வளைவில் துள்ளுகிறது. அரம் பத்திரமானது, ஆனால் எவ்வளவு நேரம் ராவினாலும் கொஞ்சம் தூள்தான் விழும். பட்டை உளி வேகமானது. நார் பார்த்துத் தட்டவேண்டும், இல்லையென்றால் மூக்கே பெயர்ந்துவிடும். திருநாளுக்குள் முடிக்கவேண்டுமே என்று உளியைக் கேட்டு வாங்கி வந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் உளி இல்லை. அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரத்தை வாங்கி வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. திருநாள் வருகிறதே என்றேன். அம்மா அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பைய ராவு மக்கா. ப்ளோரன்ஸ் வீட்டுல கப்பல் தீந்து இருக்கே, பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். அதுவும் நேர்ச்சைக் கப்பல்தான். ப்ளோரன்ஸ் அக்கா அதற்குப் பெயின்ட் எல்லாம் அடித்து, துணி மூடி அலமாரி மேல் வைத்திருக்கிறாள். அவள் மாப்பிள்ளை போன படகு இன்னும் வரவில்லை.

பிறகு நான் உளியைக் கேட்கவில்லை. இந்தத் திருநாள் போகட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். தினமும் கொஞ்சம் ராவுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, போதும், கை நோகும் என்று சீக்கிரமே வாங்கி வைத்துவிடுகிறாள். ஆனாலும் அண்ணா, அரத்துக்கும் மரம் குறைந்துகொண்டுதான் வருகிறது.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். கிடைப்பதைச் சாப்பிடு. சீக்கிரம் வா.

உன் தங்கை
ரெஷ்மா