ஊசி போடாத மூன்று நாட்கள்

என் கண்ணான லாத்தாவுக்கு, உன் தங்கை மரியம் ஸலாம் சொல்லி எழுதுவது.

நீ நோன்பு கேட்டு அடம்பிடித்த அன்றைக்கு நம் வீட்டு உள்ளறையில் இருந்தவர்கள் நாலு பேர். படுக்கையில் நீ. ஊசி காய்ச்சும் பாத்திரத்தோடு நான். தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உம்மா. உன் காலடியில் உன் ஏழு வயது மகள் ஜமீலா. உன் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், கொழும்பில் கடையில் இருந்தார். இந்த நாலு பேரில் நீயும் உம்மாவும் மவுத்தாகிவிட்டீர்கள். ஜமீலாவுக்கு நினைவில்லை. நடந்ததைச் சொல்ல மிச்சமிருப்பது நான் ஒருத்தி. பதினோரு வருசமாக அதை மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து காலையில் ஊசி போடுவது என் வேலை. மருந்துக் குப்பியை ஈரமணல் பானையில் புதைத்து வைப்பேன். நீல மருந்தில் உன் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சி, நீலமா, பச்சையா, மஞ்சளா, சர்க்கரை மிஞ்சிய செங்கல் நிறமா என்று நோட்டில் குறிப்பேன்; ஊசி போட்டதும் பக்கத்துக் கட்டத்தில் ஓர் அடையாளம். “ஏண்டி மரியம், என் மூத்திரத்துக்கும் பேரேடு போட்டுட்டியே! மச்சான் கடையில உன்னையக் கணக்குப்பிள்ளையா வச்சா என்ன?” என்று சிரிப்பாய். ஒரு நாள்கூட விட்டுப்போகாத நோட்டு அது.

ரமலான் இருபத்துநாலு அன்று நீ பிடிவாதம் பிடித்தாய். “மூணு வருசமா நோன்பு இல்ல. எல்லாரும் வாய் வறண்டு உக்காந்திருக்கையில நான் மட்டும் மென்னுக்கிட்டு இருக்கேன். இருபத்தேழாம் நோன்பு வரைக்குமாவது பிடிச்சுக்கிறேனே.”

“நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு புள்ள. அல்லா கொடுத்த சலுகைய வேணாங்கிறியா?” என்றார் உம்மா.

நீ என் முகத்தைப் பார்த்தாய். எனக்குத் தெரியும், லாத்தா, நான் வேண்டாம் என்றிருந்தால் நீ கேட்டிருப்பாய். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நோன்பு திறந்து எத்தனை நாளாயிற்று!

டாக்டர் எனக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவாய். அந்த விதியை நான் திருப்பிப் போட்டேன். சாப்பாடு இல்லையென்றால் ஊசியும் வேண்டாம். வயிறு காலி, சர்க்கரை எங்கிருந்து வரும்? யாரையும் கேட்கவில்லை. கணக்குச் சரியாக இருப்பதாக எனக்கு ஒரு மிதப்பு.

இருபத்தைந்து, இருபத்தாறு. இரண்டு நாள் ஊசி இல்லை. இரண்டாம் நாள் நோன்பு திறந்து குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாய். காய்ச்சிப் பார்த்தேன், செங்கல் நிறம். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் செய்த வேலை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வாந்தி. மூச்சு நீண்டு நீண்டு வந்தது. உன் வாயருகே குனிந்தபோது அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. கார் பிடித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“ஊசி விட்டுப்போச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர். தினம் போட்டேன்” என்றேன்.

அவர் அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு விதமாக வைத்தியம் பார்த்திருப்பாரோ? மருந்தளவைக் கூட்டியிருப்பாரோ? நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன்னால் நீ போய்விட்டாய். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் அந்த மூன்று நாள் கட்டங்களிலும் ஊசி போட்டதாக அடையாளம் போட்டேன். மச்சான் கப்பலேறி வந்து, “நீ ஒரு குறையும் வைக்கல புள்ள” என்று அழுதார். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். தொழுகையில் அல்லாவிடம் அழுதேன். மனுசருக்குச் செய்த தீங்கை அந்த மனுசர்தானே மன்னிக்க வேண்டும்?

இப்போது இங்கன நடப்பதைக் கேள். போன மாதம் ஜமீலா மெலிந்துகொண்டே வந்தாள். மதுரைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கும் அதே நோய், லாத்தா. பதினெட்டு வயசு.

அங்கிருந்த பெண் டாக்டரிடம், பதினோரு வருசமாக விழுங்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். “சாப்பிடாத உடம்புல சர்க்கரை எப்படி டாக்டர் ஏறும்?” அந்த அம்மா ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிரணுக்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று பார்ப்பது அந்தச் சவ்வு. உப்பை வெளியே தள்ள அது ஓயாமல் சக்தி செலவழிக்கிறது. நாம் தூங்கும்போதும் அந்தச் செலவு நிற்பதில்லை. சர்க்கரைக்கு அந்தச் செலவு வேண்டாம். ரத்தத்தில் அதிகம், உள்ளே குறைவு என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதுபோல் இறங்கிவிடும். ஆனால் வழி திறந்திருக்க வேண்டும். சதையிலும் கொழுப்பிலும் அந்த வழியைத் திறப்பதுதான் ஊசி மருந்து.

வாசல் வரை அரிசி மூட்டை வந்து குவிந்திருக்கிறது, கதவு திறக்கவில்லை, உள்ளே பசி. அதுதான் உன் உடம்பு. பசி என்று ஈரல் இன்னும் இன்னும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியதாம். வயிறு காலியாக இருந்தால் என்ன? சிறுநீரகம் பாடுபட்டுச் சர்க்கரையைத் திரும்ப இழுக்கப் பார்த்து, மாளாமல் கைவிட்டதாம். அதுதான் செங்கல் நிறம். அந்தச் சர்க்கரையோடு உடம்புத் தண்ணீரும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் உடம்பு கொழுப்பை எரித்ததில் ரத்தத்தில் ஒரு புளிப்பு சேர்ந்தது. அந்தப் புளிப்புதான் அன்றைக்கு உன் மூச்சில் வந்த பழவாடை.

“சாப்பிடாட்டியும் ஊசிய அடியோட நிறுத்தக் கூடாதும்மா. அளவ நாங்க சொல்லுவோம்” என்றார். நான் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

அப்போதும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று ஜமீலா சொன்னாள்: “சாச்சி, பத்து நாள்ல ரமலான். நானும் உம்மா மாதிரி இருபத்தேழாம் நோன்பு பிடிக்கப்போறேன். நோன்போட போன பாக்கியசாலின்னு நீங்கதான சொல்லுவீங்க. அன்னைக்கு ஊசி வேணாம்ல?”

தாயில்லாத பிள்ளைக்கு ஆறுதலாக நான் கட்டிய கதை அவளையும் அதே வழிக்குக் கூப்பிடுகிறது. இன்று விடிகாலை சுபுஹு தொழுததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டைக் காட்டினேன். அந்த மூன்று அடையாளங்களையும் அவள் விரலால் தடவினாள். அழவில்லை.

“வாப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எழுதுங்க.”

வழக்கம்போல் ஊசியை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மதுரையில் சொல்லிக்கொடுத்தபடி தானே தொடையில் போட்டுக்கொண்டாள். “இனிமே நானே போட்டுக்கிறேன் சாச்சி” என்றாள். நான் கைகளை வைக்க இடம் தெரியாமல் நின்றேன். என்னை மன்னிப்பாளா? தெரியவில்லை. ஊசி உள்ளே போயிற்று. அது போதும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, லாத்தா?

மச்சானுக்குத் தனியாக எழுதக் கை வரவில்லை. உனக்கு எழுதிய இதையே அனுப்புகிறேன். நம் தெருப் பெண்கள் கூடி வாசிக்கும் மாதப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. ரமலானில் என்னைப்போல் கணக்குப் போடும் இன்னொரு வீடு இருக்கலாம்.

உனக்கு வாக்குத் தருகிறேன். உன் மகள் என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் அவள் மருந்து ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொள்வேன். உன் மவுத்தை இனி விதி என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மரியம்
கீழக்கரை

மச்சான், ஜமீலா உங்கள் கடிதத்துக்காக இருக்கிறாள். என்னைத் திட்டியாவது சீக்கிரம் பதில் போடுங்கள்.