ஜோஜோ அண்ணனிடம் பேட்ஜ் இல்லை

டகோராடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு கோபினாவுக்கு எகுவா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன், கை ஓடவில்லை. போனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன், உங்கள் அறையில் மற்றவர்களும் இருப்பார்கள். அதனால் கத்தாருக்குத் திரும்பும் உங்கள் சித்தப்பா மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் போனபின் நம் கதிர்ப்படக் குழுவில் மான்சாவும் நானும்தான் மிச்சம். ஈஸ்டருக்குப் பிறகு அவளும் அங்கோலா போய்விட்டாள். இரண்டாம் நிலைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை, நீங்களும் அப்படித்தான் போனீர்கள். மேலாளர் டாட்ஸியிடம் ஆள் கேட்டால், "ஆளுங்க மரத்துலயா காய்க்கிறாங்க, எகுவா? இருக்கறத வச்சு ஓட்டு," என்கிறார். இருந்தது நம் வண்டி ஓட்டும் ஜோஜோ அண்ணன். அவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்துத் தடுப்புக் கயிற்றருகே காவல் நிறுத்தினார்கள்.

சென்ற செவ்வாய் மதியம் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளைக் கதிர் பாய்ச்சிப் படமெடுத்தோம். முடிந்ததும் கைப்பிடியைச் சுழற்றிக் கதிர்மூலத்தைப் பெட்டிக்குள் இழுத்தேன். கதிர்வீச்சு மீட்டரின் முள் இறங்கவில்லை. மறுபடி இழுத்தேன். அது வெளியிலேயே சிக்கிவிட்டது. நாம் படித்தபடி விலகி, கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டப் போனபோதுதான் பார்த்தேன்: காவலில்லாத பின்பக்கமாக நுழைந்த ஒரு வெல்டர் அந்தக் குழாயின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான். கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

போக வேண்டியவள் நான். கால் நகரவில்லை, கோபினா. என் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஆமாம். கிளினிக்கிலும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் சொன்னால் என்னை விலக்குவார்கள், பிறகு அங்கே யார் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஜோஜோ அண்ணன் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீ இங்கயே நில்லு தங்கச்சி. எனக்கு அஞ்சு புள்ளைங்க இருக்கு, இனிமே பெத்து என்ன பண்ணப் போறேன்," என்று சிரித்துவிட்டு ஓடினார். வெல்டரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பொழுது சாயும்போது தேமாவிலிருந்து வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கதிர்மூலத்தை உள்ளே சேர்த்தார்.

என் நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் இருந்தது. அதை அவசரமாகச் சோதித்து, எனக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஜோஜோ அண்ணனிடமும் அந்த வெல்டரிடமும் பேட்ஜ் இல்லை. டிரைவருக்கு எதற்கு என்று யாரும் கொடுக்கவில்லை. எவ்வளவு பட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கென்கேயைப் பிட்டுத் தின்னும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், தோல் சிவந்திருக்கிறதா என்று. அவர் மனைவி, "என் புருஷன் கையில என்னடி மோதிரமா தேடுற?" என்று கேலி செய்தாள். அவளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளியன்று டாட்ஸியிடம் நான் கர்ப்பம் என்று சொன்னேன். வாழ்த்தினார். அதே மூச்சில், "அப்ப ஜோஜோவ ரெண்டு வாரக் கோர்ஸுக்கு அனுப்பிடலாம். அவனே கைப்பிடியச் சுத்தட்டும்," என்றார். கதிர்ப்பெட்டி அறையின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. தகுதியுள்ள இருவர் வரும்வரை தரமாட்டேன் என்று சொல்லி வந்துவிட்டேன். தேமா அதிகாரிக்கும் எழுதிவிட்டேன், பதில் இல்லை. இன்று மாலையில் டாட்ஸி நம் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார், நாளைக்குப் பூட்டை உடைப்பாராம். உடைப்பார். கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் சாவியை எடுத்து மறைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு மூன்றாம் நிலைத் தேர்வு நெருங்குகிறது. அது நம் வாழ்க்கையையே மாற்றும் என்பதை நான் மறக்கவில்லை. விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அடித்தேன்.

ஜோஜோ அண்ணன் ஒன்று எழுதச் சொன்னார்: "கோபினா எப்ப வந்தாலும் ஏர்போர்ட்டுக்கு வண்டி நான்தான் எடுத்துட்டு வருவேன், வேற யாரையும் கூப்பிடக் கூடாது." சொன்னதை எழுதிவிட்டேன்.

அவர் கை நன்றாக இருக்கும்போதே அவரை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள், கோபினா.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் நம் மூவரையும், அவர் வீட்டாரையும் காக்கட்டும்.

உங்கள்
எகுவா