ஏழாம் பாடத்தில் வராத கை

அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பவருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் அக்காவே தினமும் போனில் சொல்லிவிடுகிறார். இது பள்ளி விஷயம்.

என் மொழி வகுப்பைத் தலைகீழாக்கியபோது சிரித்தீர்களே. நான் நம் வீட்டில் எடுத்து அனுப்பும் பாட வீடியோவைப் பிள்ளைகள் முன்பே பார்த்துவிட வேண்டும். வகுப்பில் புது மொழியில் பேசினால் போதும். அவர்களைப் பேச வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

இன்று கேள்வி கேட்கும் பயிற்சி. “வீடியோல பார்த்ததப் பத்தி எது வேணா கேளுங்க” என்றேன். பாடத்தில் வரும் பூனையைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

இதுவரை வாயே திறக்காத முன்வரிசைக்காரி எழுந்தாள்.

“டீச்சர், டீ வைக்கிற கை யாரோடது?”

ஆறு பாடங்களிலும் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து டம்ளரை வைத்துவிட்டுப் போகிறதாம். ஆறு முறையும் டீயைக் குடித்திருக்கிறேன். கையைப் பார்க்கவில்லை.

“ஏழாவதுல ஏன் வரல?” என்றான் ஒருவன். “இனிமே எப்ப வரும்?” என்றான் அடுத்தவன்.

ஏழாவது, நீங்கள் கோபித்துக்கொண்டு போன மறுநாள் எடுத்தது. கேள்விகளில் ஒரு பிழைகூட இல்லை, திட்டவும் வழியில்லை.

முதல் கேள்விக்கு மட்டும், “என் வீட்டுக்காரரோடது” என்று பதில் சொன்னேன். பதில் தெரியாதவர் வீட்டில் தேடிக்கொண்டு வர வேண்டும் என்பது நானே போட்ட விதி. “அப்ப உங்களுக்குத்தான் ஹோம்வொர்க், டீச்சர்” என்றாள் முன்வரிசைக்காரி.

எட்டாம் பாடத்தைச் சனிக்கிழமை நான்கு மணிக்கு எடுக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கை மட்டுமல்ல, ஒரு முழு ஆளே உட்கார இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
டீயை ஆறவிட்டுக் குடிப்பவள்