தோணி விக்கிறதில்ல

காலைப் பூசை முடிந்து வந்த பீற்றிஸ், மேசையில் கோப்பைக்கடியில் ஒரு கலண்டர்த் தாளைக் கண்டாள். புருசன் சேவியரைக் காணவில்லை.

வாவியில் வலை போட்டுக் காத்திருந்த ஓர் இரவு, வலக்கையைத் தோணி விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டபடி உறங்கிப்போனவன் அவன். எழும்பியபோது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. விரல்கள் மடங்கின, விரியவில்லை. "நரம்பு அறுந்துபோகல்ல, நசிஞ்சிரிக்கி. மெல்ல மெல்லச் சுகம் வரும்" என்று டொக்டர் சொன்னதை அவள் நம்பினாள், அவன் நம்பவில்லை. விரல் விரியாதவன் எப்படி வலை வீசுவது? மாதக்கணக்காகப் பொறுத்தவன் நேற்றுத் தோணியை விற்கப் பேசிவிட்டு வந்தான். அவள் ஏசினாள். அவன் சாப்பிடாமலே படுத்தான்.

தாளில் எழுத்து கோழி கிண்டியதுபோல் கிடந்தது. இடக்கையால் கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வாசித்தாள்.

"பீற்றிஸ், புட்டு மூடி வெச்சிரிக்கன், சாப்பிடு. சீனித்தம்பி அண்ணன் தோணி பாக்க வருவார். தேத்தண்ணி குடுத்து, தோணி விக்கிறதில்ல எண்டு சொல்லி அனுப்பு. நான் தோணியடிக்குப் போறன். நேத்து நீ ஏசினது சரிதான். காயப்போட்ட கருவாட்டுல ஒண்டக் காகம் தூக்கிற்று. அதுக்கும் ஏசாத."

அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தது:

"அந்தக் காகத்தக் கலைக்கப் போகக்குள்ளதான் கை தன்பாட்டில எழும்பினது. விரலெல்லாம் விரிஞ்சிது. எழுத்துக் கோணலெண்டு சிரிக்காத புள்ள, இது வலக்கையால எழுதினது."