மூன்றாம் தடவைச் சிரிப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பூட்ஸுக்குள் ரத்தம் குடித்த இரண்டு அட்டை. அரிசி முடிந்தது, வாங்க வேண்டும்.

மார்ச்சில் ரிட்டயர்மென்ட். தேயிலை எஸ்டேட் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஞாயிறு செந்தில் திருப்பூரிலிருந்து பேசுவான். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று இந்த வாரம் கேட்டே விடுவது. பெற்ற பிள்ளையிடம் கேட்க இத்தனை கூச்சமா?

நவம்பர் 6, வியாழன்

ஒரே பனிமூட்டம். டிவிக்காரர்கள் வந்தார்கள். நான்கு பேர், ஒரு குடை, அதுவும் கேமராவுக்கு.

சூப்பர்வைசர் என்னைக் காட்டிவிட்டார். "பார்வதியக்கா நல்லாப் பேசுவாங்க." இலை வெட்டும் கத்திரியை ஒளித்து வைக்கச் சொன்னார்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளும் ஆகாதாம். பக்கத்து வீட்டு மல்லிகாவின் சிவப்புச் சேலை, ஃபேக்டரிக் கடையில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த கூடை. விரலால் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ள வேண்டுமாம். இப்படிப் பறித்தால் சாயந்தரத்துக்குள் ஒரு டீக்குத் தேறும்.

மைக் பிடித்த பெண் கேட்டாள்: "இந்த மலையில வாழ்றது எப்படிம்மா இருக்கு?"

"ஒத்தையில கெடக்கறனுங்க. பொழுது போனாப் பேச்சுத் தொணைக்கு ஆளில்லீங்க."

"அது வேண்டாம்மா. சொர்க்கம் மாதிரி இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

சொன்னேன். சிரிப்பு சரியில்லையாம். மறுபடியும். மூன்றாம் தடவைதான் ஓகே. குளிரில் பல் கிட்டிப்போனது.

நவம்பர் 8, சனி

கொஞ்சம் வெயில். துணி காயவில்லை.

டிவியில் வந்ததை மல்லிகா போனில் போட்டுக் காட்டினாள். மழை இல்லை, அட்டை இல்லை, பின்னால் புல்லாங்குழல். "ஏனக்கா, உன்னையப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்குது" என்கிறாள். சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவள்!

அழகாய்த்தான் இருந்தேன். இன்னொரு முறை போடச் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. செந்தில் வீடியோ காலில் வந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, டிவில பாத்தோம்! நீ ஒத்தையில கஷ்டப்படறியோன்னு நெனச்சு, இங்க கூட்டியாரலாம்னு இவகிட்டப் பேசிட்டு இருந்தேன். இப்பத்தான் நிம்மதி. ரிட்டயர்டானாலும் அங்கயே ஒரு ஊடு பாத்துக்கலாம். சொர்க்கத்துல இருக்கறவளை இந்தப் புழுக்கத்துல கொண்டாந்து அடைச்சா பாவம்."

"சரி கண்ணு" என்றேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, டிவில சிரிச்சீங்களே, அதே மாதிரி ஒருக்கா சிரிங்க."

சிரித்தேன். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.